மூணு காப்பி ரிலீஸ் புக்: வேலூரில் அடித்து வாங்கலாமா?

தோட்டப்பாளையம் பக்கம் ஒரு ஆஃப்செட் அச்சகம் அடித்துத் தரும் ரிலீஸ் புத்தகத்தைப் பற்றியது இது. ரிலீஸ் என்றால் கேமராவில் வந்தவரிடம் கையெழுத்து வாங்கும் சம்மதத் தாள். பார்க்க பில் புக் மாதிரிதான் இருக்கும். புத்தகத்துக்கு 50 செட். செட்டுக்கு வெள்ளை, மஞ்சள், ரோஸ் என மூன்று தாள். கார்பன் வைக்க வேண்டாம், மேலே எழுதினால் கீழே இரண்டிலும் விழும். ரியாலிட்டி ஷோ, ஊர் சுற்றும் நிகழ்ச்சி, சாப்பாட்டு நிகழ்ச்சி என்று வசனம் எழுதாமல் எடுக்கும் எதிலும், கேமரா முன் வாய் திறந்தவர் எல்லோரிடமும் முகத்தையும் குரலையும் ஒளிபரப்பச் சம்மதம் வாங்கியாக வேண்டும். தாள் இல்லாத முகத்தைச் சேனலின் சட்டப் பிரிவு விடாது. அப்புறம் எடிட்டில் முகத்தை மங்கலாக்க வேண்டும், அல்லது நல்ல காட்சியை வெட்டிப் போட வேண்டும்.

போனில் கூகுள் ஃபார்ம் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். தேடுவதற்கு அது சுலபம், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் லாங் பஜாரில் தராசு பிடித்தபடி பேசும் பெரியவரிடம் போனை நீட்டினால் ஓ.டி.பி. கேட்கப் போகிறார்கள் என்று கையை இழுத்துக்கொள்வார். தாளும் பேனாவும் கொடுத்தால் கையெழுத்து விழும், ரோஸ் காப்பி அவர் கைக்குப் போகும், பேச்சு அங்கேயே முடியும்.

இந்தப் புத்தகத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று: மேல் மூலையில் இருக்கும் சிவப்பு நம்பர். சம்மத வாசகத்தைச் சேனலே கொடுத்துவிடும், யார் வேண்டுமானாலும் ஜெராக்ஸ் போடலாம். நம்பர்தான் தாளையும் ஃபுட்டேஜையும் கட்டிப்போடுகிறது. கையெழுத்து ஆனதும் அவரைத் தாளை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, நம்பர் படிக்கும்படி மூன்று விநாடி ரெக்கார்டு செய்ய வேண்டும். தாளின் அடியில் அசிஸ்டென்ட் நிரப்ப நான்கு கட்டம்: மெமரி கார்டு எண், கேமரா, டைம்கோடு (ஃபுட்டேஜில் ஓடும் நேரக் குறி), உடை அடையாளம். கடைசிக் கட்டத்தைத்தான் பலரும் காலியாக விடுகிறார்கள். சென்னையில் எடிட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு 'முருகன், வயது 52' என்ற வரியால் ஒரு பிரயோசனமும் இல்லை. 'பச்சைக் கட்டம் போட்ட லுங்கி, காதில் பென்சில்' என்று எழுதியிருந்தால் அரை நிமிடத்தில் ஆளைப் பிடித்துவிடுவார்.

அந்த நம்பரில்தான் இந்த அச்சகம் கொஞ்சம் சறுக்குகிறது. நம்பரிங் மெஷினின் சக்கரம் சிக்கினால் ஒரே எண் இரண்டு செட்டில் விழும், இல்லையென்றால் ஒன்று தாண்டிப் போகும். இரண்டு பேருக்கு ஒரே நம்பர் என்றால் மேலே சொன்ன ஏற்பாடு மொத்தமும் வீண். இரண்டு யூனிட் தனித்தனியாக ஷூட் போகிறது என்றால் ஆர்டரிலேயே 'ஏ', 'பி' என்று முன்னெழுத்து கேளுங்கள். கேட்காவிட்டால் எல்லாக் கட்டும் 001-இல்தான் தொடங்கும்.

தாள் தரம் நன்றாகவே இருக்கிறது. மேல் தாளின் முதுகில் நுண்ணிய மைக் குமிழ்ப் பூச்சு, கீழ்த் தாளின் முகத்தில் அதை நிறமாக்கும் பூச்சு, நடுத் தாளுக்கு இரண்டு பக்கமும் உண்டு. அழுத்தினால் குமிழ் உடைந்து எழுத்து தெரியும். அதனால் பால்பாயின்ட் பேனா மட்டும்தான். ஜெல் பேனாவில் எழுதினால் வெள்ளையில் அழகாக இருக்கும், ரோஸில் ஒன்றும் இருக்காது. நான்காவது காப்பி கேட்காதீர்கள், எழுத்து மங்கிவிடும். பின்னட்டையை நீளமாக விட்டு மடித்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு செட்டுக்கும் அடியில் செருகிக்கொள்ள. செருக மறந்தால் இவர் பெயர் அடுத்த நாலு பேரின் தாளிலும் ஆவி மாதிரி தெரியும். கிழிக்கும் துளைக்கோடு வெள்ளைக்கும் ரோஸுக்கும் மட்டும். மஞ்சள் புத்தகத்திலேயே நிற்கும். யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

கைநாட்டு விஷயம் தனி. ஸ்டாம்ப் பேடு மை கீழே இறங்காது. மூன்று தாளிலும் தனித்தனியாக ரேகை வைத்து, வாசித்துக் காட்டியவரின் கையெழுத்தைப் பக்கத்தில் வாங்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே 'வாசித்துக் காட்டியவர்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், அச்சகத்தின் மாதிரியில் அது இல்லை.

வாசகத்தை வேர்டு ஃபைலாகக் கொடுக்காதீர்கள். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பழைய எழுத்துருவை வைத்து வேலை செய்யும் இடங்களில் யூனிகோடு தமிழ் போனால் கொம்பும் காலும் பிரிந்து கிடக்கும். எழுத்துரு உட்பொதித்த பி.டி.எஃப். கொடுங்கள். உருது வாசகத்தை அவுட்லைன் ஆக்கியே, அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றியே கொடுக்க வேண்டும். உருது எதற்கு என்றால் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு பக்கம் தமிழ்ப் பேச்சு வரும், ஆனால் சட்ட வாசகத்தை உருதுவில் படிக்கவே பலருக்கு வசதி. சி.எம்.சி. ஆஸ்பத்திரி சுற்றுத் தெருக்களில் ஷூட் என்றால் வங்காளமும் இந்தியும் வேண்டும், லாட்ஜ்களில் தங்கியிருப்பவர்களில் பலர் வடகிழக்கு, வங்காளத்துக் குடும்பங்கள். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மத அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தரச் சொல்கிறது. ஒரு பக்கம் தமிழ், பின்பக்கம் வேறு மொழி என்று கேட்டுவிடாதீர்கள். பின்பக்கம்தான் பூச்சு இருக்கிறது. மொழிவாரியாகத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்வதே சரி. ஏ5 அளவு தமிழுக்குப் போதாது, எழுத்து எறும்பாகிவிடும். ஏ4 கேளுங்கள்.

அச்சகத்தின் மாதிரியில் 'வேலூர் மாவட்டம்' என்று முன்கூட்டியே அச்சாகி இருக்கிறது. அதை எடுத்துவிட்டுக் கோடு போடச் சொல்லுங்கள். 2019-இல் மாவட்டம் மூன்றான பிறகு ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டன. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். ஆம்பூர் பிரியாணிக் கடை ஷூட்டுக்கு வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வெட்டி வேலை.

இந்த மாவட்டக் குழப்பம் குழந்தைகள் விஷயத்தில் நிஜமாகவே கடிக்கும். குழந்தைகளுக்குத் தனி நிறத்தில் புத்தகம் அடித்துத் தருகிறார்கள், பெற்றோர் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. அதோடு முடிந்தது என்று நினைப்பதுதான் தப்பு. 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை கலைஞராக நிகழ்ச்சியில் பங்கெடுத்தால், 2017 விதிகளின்படி ஷூட் நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் படிவம் சி கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். நாளுக்கு 5 மணி நேரம், ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. 5 குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர். வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் வைப்பு நிதியாகப் போக வேண்டும். வந்த நேரம், ஓய்வு, போன நேரம் எழுத இந்தப் புத்தகத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. சேர்க்கச் சொன்னால் சேர்ப்பார்கள்.

இடத்துக்காரரிடம் சம்மதம் வாங்கும் லொகேஷன் ரிலீஸ் புத்தகமும் உண்டு. கடை, வீடு, தோல் பதனிடும் ஷாப்புக்குச் சரி. வேலூர் கோட்டைக்குள் அது செல்லாது, மத்தியத் தொல்லியல் துறையின் அனுமதி தனி. ரயில் நிலையம் என்றால் இன்னும் வேடிக்கை: காட்பாடி ஸ்டேஷன் ரயில்வேயின் சென்னைக் கோட்டம், வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் திருச்சிக் கோட்டம். ஒரே ஊர்தான், ஆனால் ஒன்றின் அனுமதியை இன்னொன்றில் காட்ட முடியாது.

காசு கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கும் வவுச்சர் புத்தகமும் அங்கேயே அடிக்கலாம், விசேஷமாக ஒன்றும் இல்லை. 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட இடம் விட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

எழுதிய தாளை வைத்திருப்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். பளபளப்பான பி.வி.சி. உறையில் போட்டால் பிளாஸ்டிக்கில் இருக்கும் மென்மையாக்கி காப்பி எழுத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடும். பாலிபுரொப்பிலீன் உறை, இல்லையென்றால் சாதாரண அட்டை ஃபைல் போதும். சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டில் புத்தகத்தைக் காய விடாதீர்கள். கையெழுத்தின் மேல் செல்லோ டேப், ஹைலைட்டர், கையில் ஈரமாக இருக்கும் சானிட்டைசர் எதுவும் படக் கூடாது. அன்றன்று இரவே, கார்டு காப்பி ஆகும் நேரத்தில், வெள்ளைத் தாளை ஸ்கேன் செய்து நம்பரையே ஃபைல் பெயராக வைத்துவிடுவது நல்லது.

20 புத்தகத்துக்குக் கீழே கேட்டால் பிளேட் (அச்சுத் தகடு) செலவு முழுவதும் தலையில் விழும். எனவே தமிழ்ப் புத்தகத்தை மொத்தமாகவும், மற்ற மொழிகளை லேசர் பிரின்டில் சாதாரணத் தாளாகவும் எடுப்பது கட்டுப்படி ஆகும். தை, வைகாசி, ஆவணியில் ஷூட் என்றால் பத்து நாள் முன்னால் ஆர்டர் கொடுங்கள். கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டால் உங்கள் வேலை மேசைக்கு அடியில் போய்விடும். கட்டு வந்ததும் காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே பிரித்து, நம்பரை முதல் தாளிலிருந்து கடைசி வரை விரலால் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஒரு புத்தகத்துக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.