சதர்ன் எம்.எஸ்.சி. பல் இம்ப்ளான்ட்: கழுத்து வழவழப்பு, உடம்பு சொரசொரப்பு

பல் இம்ப்ளான்ட் என்பது போன பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் வைக்கும் டைட்டானியத் திருகு. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா பக்கம் ஐரீனில் உள்ள, 1987இல் தொடங்கிய சதர்ன் இம்ப்ளான்ட்ஸ் நிறுவனம், ஒரே திருகில் இரண்டு விதமான மேற்பரப்பு வைத்துத் தரும் மாடல் எம்.எஸ்.சி. மேல் சில மில்லிமீட்டர் கடைசல் பிடித்த வழவழப்பான டைட்டானியம். அதற்குக் கீழே துகள் அடித்துச் சொரசொரப்பாக்கிய பகுதி. ஈறு நோயால் பல்லை இழந்தவர்களுக்கு நல்ல தேர்வு. எலும்பு உயரம் குறைந்தவர்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

சொரசொரப்பு எதற்கு? பூச்சு நிற்பதற்காகக் கொத்தனார் சுவரைக் கொத்திவிடுவார் அல்லவா, அதுபோல என்று நோயாளிகளிடம் சொல்வதுண்டு. பாதிதான் சரி. திருகு உள்ளே போன சில நிமிடங்களில் அதைச் சுற்றி ரத்தம் உறைகிறது. அந்த உறைவிலுள்ள ஃபைப்ரின் என்ற புரத இழைகள் சுருங்கும்போது வழவழப்பான உலோகத்திலிருந்து எளிதில் கழன்றுவிடும். அப்போது எலும்பு, துளையின் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல வளர்ந்துவந்துதான் திருகைத் தொட வேண்டும். சொரசொரப்பில் இழைகள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். எலும்பு செல்கள் அவற்றின் வழியே ஊர்ந்துவந்து டைட்டானியத்தின் மேலேயே எலும்பைப் படியவைக்கும். பழைய கடைசல் திருகுகளுக்குக் கீழ்த்தாடையில் 3 மாதம், மேல்தாடையில் 6 மாதம் காத்திருந்த வழக்கம், நல்ல எலும்பில் இன்று 6 முதல் 8 வாரமாகக் குறைந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

அதற்காக எவ்வளவு சொரசொரப்போ அவ்வளவு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. சராசரி மேடுபள்ளம் 1 முதல் 2 மைக்ரான் வரை இருப்பதை எலும்பு நன்றாக ஏற்றுக்கொள்கிறது. கடைசல் பரப்பு பொதுவாக 0.5 முதல் 1 மைக்ரான். ஒரு காலத்தில் வந்த, உருகிய டைட்டானியத்தைத் தெளித்துப் பூசிய பிளாஸ்மா தெளிப்புத் திருகுகள் 2 மைக்ரானைத் தாண்டின. எலும்பு இறங்கி அந்தப் பரப்பு வெளியே தெரிந்ததும் கிருமிக்குக் குடியிருப்பாகிவிட்டன. எம்.எஸ்.சி.யின் கழுத்தை வழவழப்பாக விட்ட நியாயம் இங்கேதான். பின்னாளில் ஓரிரண்டு மில்லிமீட்டர் எலும்பு இறங்கினாலும் வெளியே வருவது சுத்தம் செய்யக்கூடிய பரப்பு. ஆனால் இதனால் திருகைச் சுற்றி வரும் கிருமி நோய் குறைகிறதா என்பதில் நீண்டகால ஆய்வுகள் எல்லாம் ஒரே பக்கம் சாயவில்லை. விற்பனைப் பிரதிநிதி சொல்வதில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்வது நல்லது.

வைப்பவர் கை சரியில்லை என்றால் இந்தப் பரப்பு ஒன்றும் காப்பாற்றாது. எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே கெடத் தொடங்கும். மழுங்கிய டிரில், போதாத உப்புநீர், அவசரம் மூன்றும் சேர்ந்தால் அந்தச் சூடு சுலபமாக வரும். குப்பியிலிருந்து திருகை டிரைவரால் நேராக எடுக்க வேண்டும். கையுறை, உதடு, எச்சில் எதுவும் படக் கூடாது; அதன் மேல் முதலில் படுவது நோயாளியின் ரத்தமாக இருக்கட்டும். ஆழத்தை நிர்ணயிக்கும்போது கன்னப்பக்க எலும்பின் விளிம்பைப் பாருங்கள். அது நாக்குப்பக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கும் இடத்தில் மேட்டுப் பக்கத்தை வைத்து அளந்தால், கன்னப்பக்கம் வழவழப்புக் கழுத்து முதலிலேயே வெளியே நின்றுவிடும்; பிறகு எலும்பு இறங்கினால் சொரசொரப்பும் தெரிந்துவிடும். இந்த மாடலுக்குக் கொடுத்த காசு வீண். அந்தப் பக்கம் எலும்பு 1.5 மில்லிமீட்டராவது தடிமன் இருக்க வேண்டும்.

திருகை முடுக்கும் விசை (டார்க்) 35 நியூட்டன் சென்டிமீட்டர் வந்ததும் பல்லை மாட்டிவிடலாம் என்ற ஆசை வரும். திருகின் இயந்திரப் பிடி முதல் சில வாரங்களில் குறைகிறது. புது எலும்பின் பிடி பிறகுதான் ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவே, சுமார் 2 முதல் 4 வாரத்தில், ஒரு பள்ளம். அசைவு அதிகமானால் எலும்புக்குப் பதில் நார்த்திசு உருவாகிவிடும். கிரீடம், அதாவது மேலே தெரியும் பல், மாட்டும் முன் ஐ.எஸ்.கியூ. அளவு (திருகு எலும்பில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதை 1 முதல் 100 வரை காட்டும் எண்) 70ஐத் தொடுகிறதா என்று பார்ப்பது நல்ல வழக்கம். 60க்குக் கீழே என்றால் பொறுத்திருங்கள்.

இந்த மாடலின் குறை, கழுத்துப் பகுதி எலும்பைப் பிடிப்பதில் மந்தம். நீளமான திருகில் தெரியாது. 8 மில்லிமீட்டர் திருகில், அதுவும் மேல்தாடைப் பின்பக்கத்து மெத்து எலும்பில், அந்தச் சில மில்லிமீட்டர் பெரிய நஷ்டம். அங்கே முழுச் சொரசொரப்புத் திருகே மேல்.

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம்மவர்களிடையே சர்க்கரை இல்லாத வீடு அரிது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும், புகை விடாவிட்டாலும் எந்தப் பரப்பும் தடுமாறும். எலும்புத் தேய்மானத்துக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) எவ்வளவு கட்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குப்பியோடு வரும் ஸ்டிக்கரில் மாடல், விட்டம், நீளம், லாட் எண் இருக்கும். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்து, பல்லை இம்ப்ளான்ட்டோடு பிடித்துவைக்கும் உள்திருகு தளர்ந்து வேறு டாக்டரிடம் போனால், எந்த டிரைவர் பொருந்தும் என்று அவர் முதலில் கேட்பது அதைத்தான்.