கன்வெக்‌ஷனைக் கொடுத்துவிட்டு சோலோ வாங்கினோம்: ஆறு வருடப் புழக்கத்தின் கணக்கு

எங்கள் வீட்டில் ஆறு வருடம் இருந்தது 28 லிட்டர் கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ். போன தை மாதம் அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு 20 லிட்டர் சோலோ, அதாவது மைக்ரோவேவ் மட்டும் உள்ள சாதாரண மாடல் ஒன்றை வாங்கி வந்தோம். "எல்லாரும் சின்னதுல இருந்து பெருசுக்குப் போவாங்க, நீங்க என்ன திரும்பி வர்றீங்க?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். புதிதாக வாங்க நினைக்கிற எல்லோருக்கும் வரும் குழப்பம்தான் இது. என் சாய்வு சோலோ பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். சோலோ சூடு பண்ணும், வேகவைக்கும், ஃப்ரீசரில் உறைந்ததை இளக்கும். கிரில் மாடலில் மேலே ஒரு ஹீட்டர் கூடுதலாக இருக்கும். கன்வெக்‌ஷனில் பின்பக்கம் ஹீட்டரும் விசிறியும் இருப்பதால் கேக், பிஸ்கட், பீட்சா, தந்தூரி எல்லாம் செய்யலாம். விலையும் அதற்கேற்ப ஏறும். கன்வெக்‌ஷன் ஓடும்போது பல மாடல்கள் 2000 வாட்டைத் தாண்டி இழுக்கும். அதற்குப் பெரிய 15 ஆம்ப் பிளக் பாயின்ட் தனியாக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி ஓட்டக் கூடாது.

சூடு பண்ணும் வேலையில் இரண்டுக்கும் ஒரே இதயம்தான். மேக்னட்ரான் என்கிற குழாய் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையை உண்டாக்குகிறது, அது உணவில் இருக்கும் தண்ணீரை அசைத்துச் சூடாக்குகிறது. பழையது 900 வாட், இப்போது இருப்பது 700 வாட். ஒரு கிண்ணம் சாம்பார் முன்பு ஒன்றரை நிமிடத்தில் கொதி வந்தது, இப்போது இரண்டு நிமிடம் ஆகிறது. அந்த அரை நிமிடம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம், அடுப்படி நாள்காட்டியில் ஒவ்வொரு முறை ஓவனைத் திறக்கும்போதும் ஒரு கோடு போட்டு வந்தேன். சாதம், குழம்பு சூடு பண்ண, பால் சுட வைக்க, அப்பளம் சுட, ரவை வறுக்க என்று தொண்ணூறு கோடுகளுக்கு மேல் வந்தன. அதில் கன்வெக்‌ஷன் பயன்பட்டது இரண்டு தடவை, இரண்டும் கேக்குக்கு. அந்த இரண்டு தடவைக்காக மற்ற தொண்ணூறு தடவையும் என்ன விலை கொடுக்கிறோம் என்று அப்போதுதான் யோசித்தேன். நான் சொல்வது பணத்தை அல்ல, துடைப்பதை.

நம் சமையல் தெறிக்கிற சமையல். சாம்பார், காரக்குழம்பு, கூட்டு எல்லாமே கெட்டியாக, எண்ணெய் மிதக்க இருக்கும். மைக்ரோவேவில் வைத்தால் அடியில் ஆவி சேர்ந்து பொட்டென்று மேலே தெறிக்கும். சோலோவில் அந்தத் தெறிப்பு சுவரில் ஈரமாக இருக்கும், துணியால் துடைத்தால் போய்விடும். சுவர் அதிகம் சூடாவதில்லை, உணவுதான் சூடாகிறது. கன்வெக்‌ஷனில் அப்படி இல்லை. செவ்வாய்க்கிழமை தெறித்த குழம்பை ஓர் இடத்தில் துடைக்காமல் விட்டு, ஞாயிற்றுக்கிழமை 180 டிகிரியில் கேக் வைத்தால் அந்தப் புள்ளி சுவரோடு சுட்டு இறுகிவிடும். பழைய தோசைக்கல்லின் ஓரத்தில் ஏறியிருக்குமே கருப்பு, அதே மாதிரி. பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் வராது. கம்பி நாரால் தேய்க்கவும் முடியாது. பெயின்ட் கீறிப் போகும், நாரின் துணுக்கு உள்ளே தங்கினால் அதுவே பொறி கிளப்பும்.

இதில் முக்கியமான இடம் மைக்கா தகடு. ஓவனுக்குள், பெரும்பாலும் வலது பக்கச் சுவரில், சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் அட்டை மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். பேக்கிங் அட்டை என்று நினைத்து உரித்துப் போட்டவர்கள் உண்டு. அலை உள்ளே வரும் வாசலுக்குப் போட்ட மூடி அது. குழம்பும் எண்ணெயும் அதில் பட்டு ஊறி, சூட்டில் கரியாகிவிட்டால், அந்தக் கரி அலையை இழுத்துக்கொண்டு எரியத் தொடங்கும்.

எங்களுக்கு நாலாவது வருடம் அது நடந்தது. ராத்திரி எட்டரை மணி, ரசம் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நீலமாக ஒரு மின்னல், கூடவே வெல்டிங் பட்டறை மாதிரி சடசடவென்று சத்தம், கருகிய நாற்றம். கதவைத் திறக்காமல் பிளக்கை அணைத்தேன். அப்படித்தான் செய்ய வேண்டும். உள்ளே நெருப்பே பிடித்தாலும் கதவு மூடியிருந்தால் காற்று கிடைக்காமல் அடங்கும். மறுநாள் வந்த மெக்கானிக் அண்ணன் தகட்டைக் கழற்றிக் காட்டினார். நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஓட்டை, சுற்றிலும் கருப்பு. பையிலிருந்து புது மைக்கா ஷீட்டை எடுத்து, பழையதை மேலே வைத்துக் கத்தரிக்கோலால் அளவாக வெட்டிப் போட்டார். பத்து நிமிட வேலை, செலவும் அதிகமில்லை.

ஒன்றரை வருடத்தில் மறுபடியும் பொறி. இந்தத் தடவை தகடு மட்டுமில்லை, பின்பக்கச் சுவரில் இறுகிய கருப்புக்கு அடியில் பெயின்ட்டே உரிந்து தகரம் துருப்பிடித்திருந்தது. அந்தச் சுவரில்தான் விசிறிக் காற்று வரும் சின்னச் சின்ன ஓட்டைகள். அதற்குப் பின்னால் ஹீட்டரிலும் விசிறியிலும் படிந்த எண்ணெயைத் துடைக்க நம் கை போகாது. கன்வெக்‌ஷன் போடும்போதெல்லாம் வந்த புகை நாற்றம் அங்கிருந்துதான். "பின்னாடி கழட்டிச் சுத்தம் பண்ணலாமாண்ணே?" என்று கேட்டேன். "நீங்க கை வச்சுராதீங்கம்மா, பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள கப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும்" என்றார். உண்மைதான். மேக்னட்ரானுக்குப் போவது 2000 வோல்ட்டுக்கும் மேலே. வீட்டில் திருகாணி முடுக்கிப் பார்க்கிற பொருள் இல்லை இது.

புது சோலோவைத் துடைப்பது வாரத்துக்கு ஒரு வேலை. கண்ணாடிக் கிண்ணத்தில் அரை டம்ளர் தண்ணீர், பாதி எலுமிச்சை, உள்ளே ஒரு மரக்கரண்டி. மூன்று நிமிடம் ஓட்டிவிட்டு, கதவைத் திறக்காமல் ஐந்து நிமிடம் விடுவேன். ஆவியில் எல்லாம் ஊறிவிடும். பிளக்கை எடுத்துவிட்டு, கூரை, சுவர், மைக்கா தகடு, கதவின் ஓரம் என்று ஈரத்துணியால் ஒரு சுற்று, காய்ந்த துணியால் ஒரு சுற்று. கதவின் ஓரத்தை விடக் கூடாது. அங்கே பிசுக்கு ஏறி கதவு சரியாக மூடாமல் போனாலோ, கதவு கோணிப் போனாலோ சரிசெய்யும்வரை ஓட்டக் கூடாது. அடியில் சிந்தியது இருந்தால் எங்கள் ஊரில் எறும்பு வந்துவிடும், பட்டன் பலகைக்குள்ளும் புகும். அதற்காகவும் துடைக்கிறேன்.

கன்வெக்‌ஷனை ஒழுங்காகத் துடைத்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஒவ்வொரு தடவை ஹீட்டர் போடுவதற்கு முன்னும் உள்ளே பளிச்சென்று இருக்க வேண்டும். நாலு பேர் நாலு நேரத்தில் திறக்கிற வீட்டில் எங்களால் அது முடியவில்லை.

அடுத்து, பாத்திரம். சோலோவுக்கு ஒரே சட்டம்: உலோகம் வைக்காதே. எவர்சில்வர், அலுமினியம், பிரியாணிப் பார்சலின் சில்வர் ஃபாயில், தங்க நிற விளிம்பு போட்ட பீங்கான் கப், ஸ்டேப்ளர் பின் அடித்த பொட்டலம் எதுவும் கூடாது. போரோசில் மாதிரிக் கண்ணாடி, சாதாரணப் பீங்கான் சரி. மெலமைன் தட்டு பார்க்கப் பீங்கான் மாதிரி இருக்கும், அது கூடாது. பிளாஸ்டிக் என்றால் மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று போட்டிருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும் எண்ணெய் மிதக்கும் குழம்பை நான் கண்ணாடிக்கு மாற்றித்தான் வைக்கிறேன். சந்தேகமான பாத்திரத்தை வெறுமனே வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்து ஒரு நிமிடம் ஓட்டினால் தெரிந்துவிடும். தண்ணீர் சுட்டு, பாத்திரம் குளிர்ந்திருந்தால் சரி. உலோகம் இருக்கிற பாத்திரத்துக்கு இந்தச் சோதனையே கூடாது.

கன்வெக்‌ஷனில் அதே பெட்டிக்குள் சட்டம் தலைகீழாகும். கேக் சுடும்போது அலுமினிய டின் வைக்கலாம், பிளாஸ்டிக் கூடாது. சூடு பண்ணும்போது பிளாஸ்டிக் வைக்கலாம், டின் கூடாது. "ஏம்மா, இன்னைக்கு இதுல எதை வைக்கலாம்?" என்று என் அத்தை ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் வைப்பார். அவர் கேட்டது சரி. ஒரு நாள் நான் கேக்கை எடுத்து வெளியே வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பையன் பள்ளிப் பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் சாதத்தைப் போட்டு உள்ளே வைத்துவிட்டான். பட்டன் சரியாகத்தான் அழுத்தியிருந்தான். ஆனால் கண்ணாடித் தட்டும் சுவரும் கேக் சூட்டிலேயே இருந்தன. டப்பாவின் அடி இளகித் தட்டோடு ஒட்டிக்கொண்டது. சாதத்தை அப்படியே கொட்டினோம். அவன் செய்ததில் ஒரு தவறும் இல்லை. இப்போது அத்தை கேட்பதில்லை, தானே பால் சுட வைத்துக்கொள்கிறார்.

சரி, சோலோவில் நன்றாக வருவது எது? சாதம். மேலே இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, தட்டால் லேசாக மூடி ஒரு நிமிடம். எடுத்துக் கிளறி மறுபடி ஒரு நிமிடம். வெளியே எடுத்தும் ஒரு நிமிடம் அப்படியே மூடி வைக்க வேண்டும். சூடு உள்ளே பரவ அந்த ஒரு நிமிடம் தேவை. ஆனால் காலையில் வடித்து மாலை வரை மேடையிலேயே கிடந்த சாதத்தை மைக்ரோவேவ் காப்பாற்றாது. பேசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் பிழைத்திருக்கும். சாதம் வெளியே கிடந்தால் அவை பெருகி வெளியிடும் நச்சு, சூடு பண்ணினாலும் போகாது. ஆறியதும், ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போன சாதத்தைத்தான் சூடு பண்ண வேண்டும்.

கிளறுவது ஏன் முக்கியம் என்று எனக்குக் காட்டியது அப்பளம். பழைய ஓவனில் தட்டைச் சுற்றும் மோட்டார் ஒரு வாரம் நின்றுபோயிருந்தது. அப்போது வைத்த அப்பளத்தில் ஒரு பக்கம் பொரிந்து பொன்னிறமாக இருந்தது, அதற்கு மூன்று விரல் தள்ளிப் பச்சையாகவே இருந்தது, அதற்கப்புறம் மறுபடி பொரிந்திருந்தது. அலை உள்ளே மேடும் பள்ளமுமாக நிற்கிறது. இரண்டு சூட்டு இடங்களுக்கு நடுவே ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர். தட்டு சுற்றுவது இதைச் சமாளிக்கத்தான், ஆனால் முழுக்கச் சரியாவதில்லை. அதனால் கிண்ணத்தைத் தட்டின் நடுவில் வைக்காமல் ஓரமாக வைக்கிறேன். குழந்தைக்கான பால் பாட்டிலை இதில் வைக்கவே கூடாது. பாட்டில் கைக்கு இதமாக இருக்கும், உள்ளே ஓர் இடத்தில் மட்டும் நாக்கைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும்.

இன்னும் இரண்டு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். வழுவழுப்பான கப்பில் வெறும் தண்ணீரை அதிக நேரம் வைத்தால் கொப்பளிக்காமலே கொதிநிலையைத் தாண்டிவிடும். காபித் தூளைப் போட்டதும் பொங்கி முகத்தில் அடிக்கும். உள்ளே ஒரு மரக்குச்சியோ மரக்கரண்டியோ போட்டு வைத்தால் அந்த ஆபத்து குறையும். அப்புறம் முட்டை. ஓட்டோடு வைக்கக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். உரித்த அவித்த முட்டையை முழுசாகச் சூடு பண்ணினாலும் கடிக்கும்போது வெடிக்கும். பாதியாக நறுக்கித்தான் வைக்க வேண்டும்.

ரவை, வேர்க்கடலை வறுக்க எண்ணெய் வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறினால் போதும். கடலை வெளியே பொன்னிறமாகத் தெரியும்போது உள்ளே கருகியிருக்கும், அதனால் நிறம் மாறும் முன்பே எடுத்துவிடுவேன். வதக்கல், தாளிப்பு, முறுகல் இதில் வராது. அதற்கு அடுப்பு இருக்கிறது.

அப்படியானால் கேக்? வாரம் ஒரு தடவை பேக்கிங் செய்கிற வீடாக இருந்தால் நான் சொன்ன கணக்கு மாறும். அப்போதும் கன்வெக்‌ஷன் மைக்ரோவேவை விட, சோலோ ஒன்றும் ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) ஒன்றும் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றுகிறது. ஓடிஜியில் நான் தங்கை வீட்டில் ஐந்தாறு தடவை சுட்டதோடு சரி. மேலும் கீழும் ஹீட்டர் இருந்ததால் கேக்கின் அடி நன்றாகச் சிவந்தது. வருடக் கணக்கில் வைத்திருந்தால் எப்படி இருக்கும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. மேடையில் ஒரு பெட்டிக்கு மட்டுமே இடம், கேக்கும் வேண்டும் என்பவர்களுக்குக் கன்வெக்‌ஷன்தான் வழி. அவர்கள் ஹீட்டர் போடும் முன் துடைப்பதை மட்டும் ஒரு நாளும் விட வேண்டாம்.

கடைக்குப் போனால் கதவைத் திறந்து மைக்கா தகடு எங்கே இருக்கிறது, கையும் துணியும் அதுவரை சுலபமாகப் போகிறதா என்று பாருங்கள். உதிரித் தகடு கிடைக்குமா என்றும் கேளுங்கள். நான் ஒன்றை வாங்கி, அளவாக வெட்டி, அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். இதுவரை அதற்கு வேலை வரவில்லை.