இஞ்சி பியர் தொகுப்பு வாங்க முன் இதை வாசியுங்கள்: எனக்குப் போனது 18,500 ரூபாய்

வீட்டிலேயே இஞ்சி பியர் புளிக்கவைப்பதற்கான ‘முழுத் தொகுப்பு’ என்று சமூக வலைத்தளத்தில் விளம்பரம் செய்து, முழுப் பணத்தையும் முன்கூட்டியே வங்கிக் கணக்கில் வாங்கிக்கொண்டு, பொருளைக் கூரியரில் அனுப்பும் விற்பனையாளர் ஒருவரிடம் நான் 18,500 ரூபாயை இழந்திருக்கிறேன். பக்கத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை; அவர்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பதால் எழுதியும் பயனில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பலர் இந்தத் தொகுப்பைப் பற்றி விசாரிப்பதைக் காண்கிறேன். ஆகவே கோபம் ஆறுவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். இத்தகைய பொருட்களை எப்படிப் பார்த்து வாங்குவது என்ற ஆலோசனையையும் இறுதியில் தருகிறேன்.

நான் செய்ய முயன்றது இஞ்சி பியர் மட்டுமே. மால்ட் (முளைகட்டிய பார்லி) பியர் காய்ச்சுவதற்கு நம் நாட்டில் மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு, அது பின்னால் வரும்.

பணம் செலுத்துவதற்கு முன் தொலைபேசியில் பேசினேன். மறுமுனையில் பேசிய இளைஞர் விலையைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. “அண்ணன், உங்கட வீட்டில கிணத்துத் தண்ணியா, குழாய்த் தண்ணியா?” என்றுதான் முதலில் கேட்டார். குழாய் நீர் என்றதும், அதிலுள்ள குளோரின் ஈஸ்டைப் பாதிக்கும், கொதிக்கவைத்து ஆறவிட்ட பின்பே பயன்படுத்துங்கள் என்றார். சீனியும் இஞ்சியும் கொதித்த நீர் நன்றாக ஆறுவதற்குள் ஈஸ்டைப் போட்டால் அது செத்துவிடும் என்றார். பியருக்கான ஈஸ்டுகளில் பெரும்பாலானவை 20 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பநிலையையே விரும்பும் என்றும், கிழக்கு மாகாணத்துக்கென்று 30 பாகையைத் தாங்கும் வகையைத் தனியாக எடுத்துவைத்திருப்பதாகவும் சொன்னார். தண்ணீர், குளோரின், ஈஸ்ட், வெப்பநிலை என்று அவர் விளக்கியவை எல்லாமே சரியானவை. எதுவும் தெரியாத ஒருவர் தவறான பொருளை அனுப்பியிருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். எது சரி என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த ஒருவர் அதற்கு நேரெதிரானதைப் பொதிசெய்து அனுப்பியதுதான் என்னால் பொறுக்க முடியாதது. தானும் நம் கிழக்கில் கல்முனைப் பக்கம்தான் என்று அவர் சொன்னபோது எனக்கிருந்த கடைசித் தயக்கமும் போய்விட்டது. அன்று மாலையே 18,500 ரூபாயைக் கணக்கில் செலுத்தினேன்.

வந்த பொதியைப் பற்றிச் சொல்கிறேன். உணவுக்கு உகந்த பிளாஸ்டிக்கினால் ஆன, குழாய் பொருத்திய 20 லீற்றர் பாத்திரம் என்றார்கள். வந்தது, முன்னிருந்த ஒட்டியைச் சுரண்டி எடுத்த தடமும் உள்விளிம்பில் பெயின்ற் வாடையும் கொண்ட வெள்ளை வாளி. அடியில் பிளாஸ்டிக்கின் வகையைக் காட்டும் முக்கோணக் குறி இல்லை, குழாயில் றப்பர் வளையம் இல்லை. ஈஸ்ட் பொட்டலத்தில் காலாவதித் திகதி இருக்கவேண்டிய இடத்தின் மேல் அவர்களுடைய சொந்த ஒட்டி இருந்தது. நீரில் எவ்வளவு சீனி கரைந்திருக்கிறது என்று பார்க்கும் ஹைட்ரோமீட்டர் என்று வந்ததைக் கண்டு, பால் சேகரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் என் மைத்துனர் சிரித்துவிட்டார். “மச்சான், இது நாங்க பாலுக்குப் போட்டுப் பாக்கிறது” என்றார். ஹைட்ரோமீட்டரில் வெறும் நீருக்கு 1.000 என்ற கோடும், சீனி கரைந்த நீருக்கு அதற்கு மேற்பட்ட கோடுகளும் இருக்கும். இதில் 0 முதல் 40 வரைதான் இருந்தது. தயிருக்குப் பெயர்போன மட்டக்களப்பு மாவட்டத்துக்கே பால்மானியை அனுப்பி ஏமாற்றலாம் என்று நினைத்த துணிச்சலை என்னவென்பது!

ஈஸ்டை வெதுவெதுப்பான சீனி நீரில் இட்டால் கால் மணி நேரத்துக்குள் நுரைக்க வேண்டும். இது நுரைக்காமல் அடியில் படிந்து கிடந்தது. அழைத்துக் கேட்டபோது, “போட்டுப் பாருங்க அண்ணன், இது மெதுவாத்தான் வேலை செய்யும்” என்றார். போட்டேன். ஒரு குமிழி கூட வரவில்லை. மேலே வெண்படலம் கட்டி, இஞ்சியும் சீனியும் தேசிக்காயுமாக எல்லாம் கானுக்குள் போனது. பிறகு நகரக் கடையில் பாண் ஈஸ்ட் வாங்கி மீண்டும் செய்தபோது அது நன்றாகவே நுரைத்தது. அதைத் தொகுப்பில் வந்த, ‘காஸ் தாங்கும்’ என்று ஒட்டி ஒட்டப்பட்டிருந்த போத்தல்களில் அடைத்தேன். மூடிய போத்தலுக்குள் ஈஸ்ட் காபனீரொட்சைட்டை உருவாக்கிக்கொண்டே இருக்கும், நம் வெப்பத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும், அதற்காகவே தடித்த போத்தல் தேவைப்படுகிறது. இவர்கள் அனுப்பியவையோ அலங்காரத்துக்கு வைக்கும் மெல்லிய கண்ணாடி. மறுநாள் குசினித் தட்டில் ஒன்று வெடித்து, அதன் துண்டுகள் மகள் வழமையாக இருந்து படிக்கும் மேசை வரை சிதறின. அந்நேரம் அவள் அங்கே இல்லை.

படங்களையும் காணொளியையும் அனுப்பினேன். முதலில், கூரியரில் மாறியிருக்கும், அவர்களிடம் கேளுங்கள் என்றார்கள். அடுத்து, மட்டக்களப்பு வெயிலுக்கு ஈஸ்ட் சாகத்தான் செய்யும் என்றார்கள். 30 பாகையைத் தாங்கும் என்று விற்றவர்களே இதைச் சொன்னார்கள். போத்தல் வெடித்ததற்கு, நீங்கள் வேறு ஈஸ்ட் பயன்படுத்தியதால் எங்கள் உத்தரவாதம் செல்லாது என்று பதில் வந்தது. ‘அண்ணன்’ இப்போது ‘சேர்’ ஆகியிருந்தது. 18,500 ரூபாயைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்டதும், வீட்டில் சாராயம் காய்ச்சுவதாகப் பொலிசில் சொல்லிவிடுவோம் என்றார்கள். இஞ்சி பியருக்கென்று விற்றவர்கள், இஞ்சி பியர் செய்தவனை மிரட்டுகிறார்கள்! பொலிசுக்கு நானே வருகிறேன், முகவரியைத் தாருங்கள் என்று எழுதினேன். அதன் பின் என் இலக்கத்தைத் தடைசெய்துவிட்டார்கள், பக்கத்தில் நான் இட்ட கருத்தையும் நீக்கிவிட்டார்கள்.

ஆலோசனை தருவதாகச் சொன்னேன். இப்போது எழுத முடிவது இவ்வளவுதான். பொதியைத் திறந்து பார்த்த பின் பணம் என்றால் மட்டும் வாங்குங்கள். முகவரியுள்ள பற்றுச்சீட்டு தராதவரிடம் வாங்காதீர்கள். இஞ்சி பியரைக் கண்ணாடியில் அடைக்காமல் சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலில் அடைத்து, அமுக்கிப் பார்க்கும்போது இறுகியிருந்தால் உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். தொலைபேசி இலக்கம் 1977. என் முறைப்பாட்டை வங்கிச் சிட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மைத்துனர் ஒரு படம் அனுப்பினார். வேறு பெயரில் ஒரு பக்கம், அதே வாளி, அதே போத்தல்கள், விலை மட்டும் 19,900 ரூபாய். அவர்களிடம் பணம் செலுத்தியவர்கள் யாரேனும் இருந்தால், சிட்டையில் உள்ள கணக்கு இலக்கத்தை என்னுடையதுடன் ஒப்பிட எனக்கு எழுதுங்கள்.