லாரன்ஸ் ரோடு ரீபில் கடையும் நகத்தளவு சிப்பும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள் என்பதால், காலை எட்டு மணிக்கே மனு அடிக்க ஆள் வந்துவிடும். போன மாதம் அப்படி ஒரு திங்கள்கிழமை, பட்டா மாறுதல் மனுவுக்காக ஒரு பெரியவர் காத்து நிற்கும்போது என் லேசர் பிரிண்டர் மக்கர் செய்தது. 'இது அசல் கார்ட்ரிட்ஜ் இல்லை' என்று திரையில் ஒரு வரி. சனிக்கிழமை வரை அதே கார்ட்ரிட்ஜில்தான் ஓடியது. ஞாயிறு ராத்திரி அப்டேட் கேட்டது, சரி என்று அமுக்கிவிட்டேன். கஸ்டமர் கேரில் கேட்டால் புதுசு வாங்கச் சொல்கிறார்கள், 3,800 ரூபாய். உள்ளே பாதிக்கு மேல் பவுடர் அப்படியே கிடக்கிறது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அன்றைக்குக் கைகொடுத்தது திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டை ஒட்டிய சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ரீபில் கடை. போர்டுகூட வெயிலில் வெளுத்துப்போயிருக்கும். அண்ணன் கார்ட்ரிட்ஜை வாங்கி ஒரு தடவை குலுக்கிப் பார்த்தார். "பவுடர் இருக்கும்மா, சிப்தான் தகராறு" என்றார். பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிப்பைக் கத்தி முனையால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும், நாலு பொன்னிறப் புள்ளி. பிரிண்டரோடு பேசுவது அதுதானாம். புது சிப் ஒட்டினார். அதோடு விடவில்லை. வேஸ்ட் பவுடரைக் கொட்டி, பவுடரைத் தாளில் பதிக்கும் உருளையான டிரம்மை மெல்லிய துணியால் துடைத்து, பிளேடில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவசரப்படுத்தினால் கேட்கமாட்டார். சிப்புக்கு 200, சர்வீஸுக்கு 150.

"இதெல்லாம் சட்டப்படி தப்பா அண்ணே?" என்று கேட்டேன். "காசு கொடுத்து வாங்கினது யாரும்மா?" என்றார். அந்தக் கேள்வி மனசில் உட்கார்ந்துகொண்டது. ராத்திரி படிக்க உட்கார்ந்தேன்.

அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் கம்பெனி இதற்காகவே கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. டோனர், அதாவது அந்தப் பவுடர், எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்க்க அவர்கள் சிப்பில் எழுதியிருந்த புரோகிராம்களில் ஒன்று வெறும் 55 பைட். அதற்குக் காப்புரிமை (காப்பிரைட்) கோரி, மாற்று சிப் விற்ற கம்பெனிக்குத் தடை வாங்கிவிட்டார்கள். 55 பைட் எவ்வளவு தெரியுமா? 'கடலூர்' என்ற சொல் யூனிகோடில், யூடிஎஃப்-8 முறையில், 18 பைட். இடைவெளி விடாமல் மூன்று தடவை எழுதினால் 54. அவ்வளவு சின்ன சமாசாரத்தை வைத்துக்கொண்டு ஊரான் ரீபில் செய்வதை நிறுத்தப் பார்த்தார்கள். 2004-ல் மேல்முறையீட்டில் அந்தத் தடை ரத்தானது. அப்புறம் கண்டுபிடிப்புக்கான உரிமையான பேட்டன்ட்டைக் கையில் எடுத்தார்கள். ஒரே தடவைதான் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையோடு தள்ளுபடியில் விற்ற கார்ட்ரிட்ஜை யாரும் நிரப்பி விற்கக்கூடாது என்று வழக்கு. அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 மே 30-ல் தீர்ப்பு வந்தது: விற்ற பிறகு அந்தப் பொருள்மேல் பேட்டன்ட் உரிமை கிடையாது. பழைய காரைச் சரிசெய்து விற்கும் கடையை உதாரணம் காட்டியிருக்கிறார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். எங்கள் அண்ணன் ஒரே வரியில் சொன்னதுதான் அது.

நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவும், உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. என் பிரிண்டரில் நான் பட்டா மனு அடிப்பது எந்த எழுத்தாளரின் உரிமையை மீறுகிறது?

கடையில் குறையும் உண்டு. ரசீது கேட்டால் துண்டுச்சீட்டில்தான் எழுதித் தருவார். மதியம் இரண்டிலிருந்து நாலரை வரை ஷட்டர் மூடியிருக்கும். ரீபில் செய்த பிறகு முதல் ஏழெட்டுப் பக்கம் ஓரத்தில் கறுப்புக் கோடு விழும், பழைய தாளில் ஓட்டிவிடுங்கள். கார்ட்ரிட்ஜை நியூஸ் பேப்பரில் சுற்றி எடுத்துப்போங்கள், வெயில் பட்டால் டிரம் கெட்டுவிடும்.

பிரிண்டரில் ஆட்டோ அப்டேட்டை எங்கே அணைப்பது என்று கேளுங்கள், தன் போனில் படம் காட்டிச் சொல்லித்தருவார். அதற்குக் காசு வாங்குவதில்லை. அந்தப் பெரியவரின் மனுவைப் பத்தே முக்காலுக்கு அடித்துக் கொடுத்தேன். டோக்கன் போடும் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.