ஃபீல்ட் டெஸ்ட்டுக்கு (ஓரப் பார்வை எவ்வளவு தெரியுதுனு பாக்குற டெஸ்ட்) நல்ல இடம், ஆனா சொட்டு மருந்து போட வந்தா தடுத்துருங்க

பிட்யூட்டரி (மூளைக்கு அடியில இருக்குற சின்ன சுரப்பி) கட்டி ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ரெண்டு தடவனு இந்த கண் கிளினிக்குக்கு வந்துட்டேன், அதான் எழுதறேன்.

கட்டி 24 மிமீ, மேல வளந்து ரெண்டு கண்ணு நரம்பும் சேர்ற எடத்த அழுத்தி ரெண்டு பக்க ஓரப் பார்வையும் போயிருந்துச்சு. எனக்கு தெரிஞ்சதே ஒரு நாள் வலது கண்ணுல தூசி விழுந்து மூடினப்போதான், எதிர்ல தினசரி காலண்டர்ல இடது பாதியவே காணோம். அதுக்கு முன்னாடி வேற ஒரு கண்ணாடி கடையில ரெண்டு வாட்டி பவர் மாத்தி காசு வாங்குனாங்க, நானும் புது கண்ணாடியோட கதவு நிலையில தோள இடிச்சுட்டு திரிஞ்சேன். இங்கதான் டாக்டர் ஓரத்துல விரல நீட்டி எத்தனனு கேட்டு, அன்னைக்கே ஃபீல்ட் டெஸ்ட், அப்புறம் எம்ஆர்ஐனு அனுப்பினாரு.

மூக்கு வழியா ஆபரேஷன் ஆச்சு. மறுநாளே வார்டு ஸ்க்ரீனோட பச்சை கலர் பளிச்னு தெரிஞ்சுது, அழுதுட்டேன். (மூக்கு சிந்தக்கூடாதுனு நர்ஸம்மா திட்டு வேற.)

ஆறு வாரம் கழிச்சு இங்க வந்தா, முன்பதிவு சீட்டுல ஃபீல்ட் டெஸ்ட்னு எழுதியிருந்தும் நான் வந்த உடனே ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு கண் பாப்பா விரியுற சொட்டு போட்டுட்டாங்க. அத போட்டா ரிசல்ட் சரியா வராதுனு திருப்பி அனுப்பிட்டாங்க, ஆட்டோ காசு 300 தண்டம். மன்னிப்பு கூட கேக்கல.

ஆனா மறுபடி வந்தப்போ டெஸ்ட் எடுத்த தம்பி தங்கம். இருட்டு ரூம்ல ஒரு கண்ண மூடி, தாடைய வச்சு, உள்ள லைட் புள்ளி தெரிஞ்சா பட்டன அமுக்கணும், ரொம்ப நேரம் ஒண்ணுமே தெரியாம வேர்த்துரும். "நல்ல கண்ணு இருக்கவங்களுக்கே பாதி புள்ளி தெரியாது சார், பயப்படாதீங்க, டயர்டா இருந்தா பட்டன அமுக்கியே பிடிங்க, மிஷின் நிக்கும்"னாரு. இத மொத தடவயே யாராவது சொல்லியிருக்கலாம்.

டெஸ்ட் பிரிண்ட்ல (பார்வை தெரியாத எடம் கருப்பா வரும்) வலது கண்ணு கிட்டத்தட்ட வெள்ள, இடதுல மேல் மூலையில மட்டும் கருப்பு இருக்கு. ஓசிடி (கண்ணுக்கு உள்ள நரம்பு எவ்வளவு தடிமனா இருக்குனு பாக்குற ஸ்கேன்) எடுத்து நரம்பு ரொம்ப மெலியல, இன்னும் சில மாசத்துல கொஞ்சம் கொஞ்சமா தேறலாம், இப்ப கண்ணாடி வேண்டாம்னு டாக்டர் சொன்னாரு. வெளிய வந்தா கீழ கண்ணாடி கவுன்டர்ல 8500 ரூபா ப்ரோக்ரெஸிவ் (கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்கும் ஒரே கண்ணாடி) போடுங்க சார்னு கைய பிடிச்சு இழுக்குறாங்க.

டாக்டருக்கும் தம்பிக்கும் 5, ரிசப்ஷனுக்கு 1. அடுத்த டெஸ்ட் மூணு மாசம் கழிச்சு, சொட்டு பாட்டில பாத்தா கைய தட்டி விட்ருவேன்.