கடிகாரம் செய்தவரே கடை வைத்தால்

உயர்விலைக் கைக்கடிகாரங்களைச் செய்யும் ஒரு நிறுவனம் தன் பெயரில் சொந்த பூட்டிக் (ஒரே பிராண்டை மட்டும் விற்கும் தனிக்கடை) திறக்கும்போது, வெளிவரும் குறிப்புகள் பளிங்குத் தரையையும் தோல் இருக்கைகளையும் விவரித்துவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. கடையில் உள்ள சரக்கு யாருடையது, வாங்கியவரின் பெயரும் முகவரியும் யாரிடம் இருக்கின்றன, விற்காமல் நிற்கும் கடிகாரத்தின் இழப்பை யார் சுமக்கிறார் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் அன்றிலிருந்து விடை மாறிவிடுகிறது. இவற்றையே அளவுகோலாக வைத்து, இன்று நடைமுறையில் உள்ள மூன்று வழிகளை இங்கே எடைபோடுகிறேன்: நிறுவனமே நடத்தும் பூட்டிக், பல பிராண்டுகளை விற்கும் அங்கீகரிக்கப்பட்ட டீலரின் ஷோரூம், ஒரே பிராண்டின் பெயர்ப்பலகையைத் தாங்கி டீலரால் நடத்தப்படும் பூட்டிக்.

நெடுங்காலம் இத்தொழிலை நடத்தி வந்தது இரண்டாவது வழிதான். டீலர் கடிகாரத்தை மொத்த விலைக்கு வாங்கிக்கொள்வார். அந்த நொடியே நிறுவனத்தின் கணக்கில் அது விற்பனையாகப் பதிவாகிவிடும். அதன்பின் அந்தக் கடிகாரம் ஒருவர் மணிக்கட்டில் ஏறியதா, பெட்டகத்திலேயே இரண்டு ஆண்டுகள் கிடந்ததா என்பது நிறுவனத்துக்கு உடனே தெரியாது. சுவிட்சர்லாந்தின் மாதாந்திர ஏற்றுமதிப் புள்ளிவிவரமும் நாட்டை விட்டு வெளியேறிய கடிகாரங்களைத்தான் எண்ணுகிறதே தவிர, வாங்கப்பட்டவற்றை அல்ல. சந்தை வளரும் ஆண்டுகளில் இந்த இடைவெளி யாருக்கும் உறுத்துவதில்லை. தளரும்போது, முதலீடு முடங்கிய டீலர் ஓசையின்றித் தள்ளுபடி கொடுப்பார், அல்லது சரக்கை மொத்தமாகக் கிரே மார்க்கெட்டுக்கு, அதாவது அங்கீகாரம் பெறாத விற்பனையாளர்களின் சந்தைக்கு, தள்ளிவிடுவார். சில வாரங்களில் அதே மாடல் இணையத்தில் பட்டியல் விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும், முழு விலை கொடுத்து வாங்கியவர் ஏமாந்தவராக உணர்வார். இதன் விலை எவ்வளவு என்பதை 2018-இல் வெளியான, பல கடிகாரப் பிராண்டுகளுக்குச் சொந்தக்காரரான ரிச்மாண்ட் குழுமத்தின் கணக்கு காட்டியது. தேங்கிய சரக்கை டீலர்களிடமிருந்து திரும்ப வாங்கிய அக்குழுமம், இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 50 கோடி யூரோ மதிப்புள்ள கடிகாரங்களை அழித்திருந்தது. செய்த பொருளைச் செய்தவரே காசு கொடுத்து வாங்கிப் பிரித்துப்போடும் நிலை வந்த பிறகு, சில்லறை விற்பனையைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நிறுவனம் நினைப்பதில் வியப்பில்லை.

சொந்த பூட்டிக்கின் வலிமை இங்கேதான் இருக்கிறது. டீலருக்குப் போயிருக்கும் லாபப் பங்கு கையில் தங்குவது ஓர் ஆதாயம் என்றாலும், அதில் பெரும்பகுதியை முதன்மைத் தெருவின் வாடகையும் ஊழியர் சம்பளமும் காப்பீடும் விழுங்கிவிடும். ஒரு நகரில் விற்காத கடிகாரத்தை விலை குறைக்காமல் இன்னொரு நகருக்கு அனுப்ப முடிவதும், எந்த டயல் நிறத்தைக் கேட்டு எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று அன்றாடம் தெரியவருவதும், வாங்கியவரின் பெயர் நேராகத் தம் பதிவேட்டில் ஏறுவதும்தான் பெரிய ஆதாயங்கள் என்பது என் கணிப்பு. டீலர் எத்தனை நேர்மையானவராக இருந்தாலும் தம் வாடிக்கையாளர் பட்டியலை முழுமையாக நிறுவனத்திடம் ஒப்படைக்க விரும்பமாட்டார், ஏனென்றால் அவருடைய உண்மையான சொத்து அந்தப் பட்டியல்தான்.

இந்த வழியில் மிகத் துணிந்து நடந்தது ஆடுமார் பிகே. 1875-இல் சுவிட்சர்லாந்தின் லெ பிராசூ கிராமத்தில் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், பிரான்சுவா-ஆன்ரி பெனாமியாஸ் தலைமையில் பல பிராண்டு ஷோரூம்களிலிருந்து படிப்படியாக விலகி, சொந்த பூட்டிக்குகளையும், லண்டன், மிலான், ஹாங்காங் போன்ற நகரங்களில் கடைக்கான அடையாளம் குறைந்து ஒரு குடியிருப்பைப் போலவே அமைந்த ‘ஏபி ஹவுஸ்’களையும் நாடியது. ஆண்டுக்கு ஏறக்குறைய 50,000 கடிகாரங்கள் மட்டுமே செய்யும் நிறுவனத்துக்கு இது பொருந்தியது. தேவை உற்பத்தியைவிடப் பல மடங்கு இருக்கும்போது, விற்றுத் தருவதற்கு இடையில் ஒருவர் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. அதைவிடவும் மிகச் சிறிய அளவில் செய்யும் கடிகாரக் கலைஞர் எஃப். பி. ஜூர்ன் தன் முதல் பூட்டிக்கை 2003-இல் டோக்கியோவில் திறந்தார். செய்பவருக்கும் அணிபவருக்கும் இடையே நேரடிப் பேச்சு இருக்க வேண்டிய அளவுக்கு நுட்பமான கடிகாரங்கள் அவருடையவை.

பாட்டெக் பிலிப் வேறு முடிவை எடுத்திருக்கிறது. ஜெனீவா, பாரிஸ், லண்டன் ஆகிய மூன்று நகரங்களில் மட்டும் ‘சலூன்’ என்று அழைக்கப்படும், தனக்கு நேரடியாகச் சொந்தமான கடைகளை வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் டீலர்களை நம்பியே அது இயங்குகிறது. அந்த உறவு எவ்வளவு ஆழமானது என்பதற்கு 2021 டிசம்பரில் வந்த நாட்டிலஸ் 5711 மாடலின் சிறப்புப் பதிப்பு ஒரு சான்று. 1851-இல் நியூயார்க் நகைக்கடையான டிஃபனியுடன் தொடங்கிய வணிக உறவின் 170 ஆண்டுகளைக் குறிக்க, டிஃபனியின் நீல நிற டயலில் இரு பெயர்களும் பொறித்து 170 கடிகாரங்கள் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று ஏலத்தில் சுமார் 65 லட்சம் டாலருக்குப் போனது. கடைக்காரரின் பெயரே கடிகாரத்தின் மதிப்பை ஏற்றுவது சொந்த பூட்டிக் முறையில் ஒருபோதும் நடக்காத ஒன்று.

மூன்றாவது வழியை வாங்குபவர் பலர் அடையாளம் காண்பதே இல்லை. வாசலில் ஒரே பெயர், உள்ளே ஒரே நிறுவனத்தின் சரக்கு, ஊழியரின் கழுத்துப்பட்டையின் நிறம்கூட அந்நிறுவனத்துக்கு உரியதுதான். ஆனால் ரசீதை உற்றுப் பார்த்தால் வேறொரு கம்பெனியின் பெயர் இருக்கும். 2025-இல் லண்டன் ஓல்ட் பாண்ட் தெருவில் திறக்கப்பட்ட பெரிய ரோலெக்ஸ் பூட்டிக்கை நடத்துவது வாட்சஸ் ஆஃப் சுவிட்சர்லாந்து குழுமம் என்ற டீலர். தோற்றத்தின் மீதான கட்டுப்பாடு நிறுவனத்துக்கு, வாடகையும் சரக்கில் முடங்கும் பணமும் டீலருக்கு என்ற இந்தப் பங்கீடு நிறுவனத்துக்கு மிகச் சாதகமானது. டீலருக்கோ, தம் காசைப் போட்டுப் பிறருடைய பெயரை வளர்க்கிறோம் என்ற கசப்பு உள்ளூர இருக்கத்தான் செய்யும்.

வாங்குபவரின் பக்கம் வருவோம், ஏனென்றால் இந்த விவாதங்களில் கடைசியாக நினைக்கப்படுபவர் அவர்தான். முதல் உயர்விலைக் கடிகாரத்தை வாங்கப்போகிறவருக்குப் பல பிராண்டு ஷோரூமுக்கு இணை எதுவும் இல்லை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. விட்டம் 42 மி.மீ. என்று குறிப்பேட்டில் ஒரே எண் போட்டிருந்தாலும், மேல் லக் (ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் கொம்பு) முனையிலிருந்து கீழ் லக் முனை வரை 47 மி.மீ. உள்ள கடிகாரமும் 51 மி.மீ. உள்ள கடிகாரமும் மெல்லிய மணிக்கட்டில் ஒன்றுபோல உட்காருவதில்லை. ஒன்று படிந்து நிற்கும், மற்றது இரு ஓரங்களிலும் பிதுங்கித் தோலுக்கும் ஸ்ட்ராப்புக்கும் இடையே வெளிச்சம் தெரியும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, அடுத்தடுத்துக் கட்டிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும் இந்த வேறுபாட்டை, இரண்டு தெரு தள்ளியிருக்கும் இரு பூட்டிக்குகளுக்கு நடந்து கண்டுபிடிப்பது கடினம். இரண்டாவது கடைக்குப் போய்ச் சேரும்போது முதல் கடிகாரத்தின் கனம் மறந்துபோயிருக்கும். மேலும், எல்லாப் பிராண்டுகளையும் விற்கும் ஊழியர் ஒன்றின் குறையைச் சொல்லி மற்றொன்றைப் பரிந்துரைக்க முடியும். ஒரே பிராண்டின் ஊழியருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

தேடி அலைய வேண்டிய அரிய மாடல்களைப் பொறுத்தவரை கணக்கு வேறு. ஒரு பூட்டிக்கில் நான் கேட்ட கடிகாரம் கண்ணாடிக்குள் ஒளிவெள்ளத்தில் இருந்தது, பக்கத்தில் ‘காட்சிக்கு மட்டும்’ என்ற சிறு அட்டையும் இருந்தது. கட்டிப் பார்க்கலாம், வாங்க முடியாது. காத்திருப்போர் பட்டியல் என்று சொல்லப்படுவது வரிசை எண் கொண்ட பட்டியலாக இருப்பது அரிது. யாருக்குக் கொடுப்பது என்பது கடையின் விருப்பம், அந்த விருப்பம் முந்தைய கொள்முதல்களைப் பார்த்தே அமைகிறது. டீலரிடம் அந்த முந்தைய கொள்முதல் நகையாகவோ வேறு பிராண்டு கடிகாரமாகவோ இருக்கலாம், வீட்டில் யாருக்காவது பயன்படும். சொந்த பூட்டிக்கில் அது அதே நிறுவனத்தின், அவ்வளவாக விலைபோகாத இன்னொரு மாடலாகத்தான் இருக்க முடியும். பூட்டிக்குக்கு மட்டுமே என ஒதுக்கப்படும் பதிப்புகளை விரும்புபவருக்கு மாற்றுவழி இல்லை. மற்றவர்கள் இந்த நெருக்கடியைத் தெரிந்துகொண்டே உள்ளே போவது நல்லது.

தள்ளுபடி பற்றி நீண்ட பேச்சு தேவையில்லை: சொந்த பூட்டிக்கில் கிடையாது, டீலரிடம் வேகமாக விற்காத மாடல்களுக்குக் கேட்டால் பெரும்பாலும் உண்டு. சர்வீஸில் பலர் நினைப்பதற்கு நேர்மாறான நிலை இருக்கிறது. பூட்டிக் என்றால் உள்ளேயே நிபுணர் இருப்பார் என்று தோன்றும். பல இடங்களில் ஸ்ட்ராப் மாற்றுவதும் பிரேஸ்லெட் கண்ணிகளைக் கழற்றுவதும் மட்டுமே அங்கே நடக்கும், இயந்திரத்தைத் திறக்க வேண்டுமென்றால் சர்வீஸ் மையத்துக்கோ தொழிற்சாலைக்கோ அனுப்பிவிடுவார்கள். பழைய டீலர் ஷோரூம்கள் சிலவற்றிலோ, மாடியில் ஒரு பட்டறையும், பயிற்சியும் அங்கீகாரமும் பெற்ற கடிகாரத் தொழிலாளியும் இருப்பார்கள். ஆனால் மிகப் பழைய, உதிரி பாகம் கிடைக்காத கடிகாரமென்றால் பூட்டிக் வழியாக நிறுவனத்திடமே ஒப்படைப்பதுதான் பாதுகாப்பு.

ஆகவே சில ஆயிரம் கடிகாரங்கள் செய்து, எல்லாவற்றுக்கும் ஆள் காத்திருக்கும் நிறுவனம் சொந்த பூட்டிக் வைப்பதை நான் ஆதரிப்பேன். பல லட்சம் கடிகாரங்கள் செய்யும் நிறுவனம் டீலரின் தோளில் ஏறி ஒரு பிராண்டு பூட்டிக் நடத்துவது புத்திசாலித்தனம். இரண்டுக்கும் இடையில் நிற்கும், பெயர் இன்னும் பரவாத நிறுவனம் அவசரப்பட்டுத் தனிக்கதவு திறந்தால், தன்னைத் தேடி வராத ஆளுக்குத் தன் கடிகாரம் தற்செயலாகக் கண்ணில் படும் ஒரே வாய்ப்பை இழந்துவிடும். வேறொன்றை வாங்க வந்தவர் பக்கத்துத் தட்டில் பார்த்து மனம் மாறுவது பல பிராண்டு ஷோரூமில் மட்டுமே நடக்கும்.

அந்த ஷோரூம்களின் எதிர்காலமும் 2023 ஆகஸ்டுக்குப் பிறகு சிக்கலாகிவிட்டது. சில்லறை வணிகத்திலிருந்து பெரும்பாலும் விலகியே நின்ற ரோலெக்ஸ், 1888-இல் லூசெர்னில் தொடங்கிய, பல பிராண்டுகளை விற்கும் பூக்கரர் குழுமத்தை வாங்குவதாக அறிவித்தது. அடுத்த நாளே வாட்சஸ் ஆஃப் சுவிட்சர்லாந்து பங்குகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தன. பூக்கரர் தன் பெயரிலேயே தனித்து இயங்கும் என்று ரோலெக்ஸ் உறுதி கூறியிருக்கிறது. இருந்தாலும், அந்தக் கடைகளின் தட்டுகளில் இன்னும் பல போட்டி நிறுவனங்களின் கடிகாரங்கள் இருக்கின்றன. அவற்றுள் பெரியவை வேண்டுமானால் வெளியேறிச் சொந்த பூட்டிக் திறந்துகொள்ளலாம். வாடகைக்கு வழியில்லாத சிறியவை, தம் கடிகாரங்களில் எது விற்கிறது, எது விற்கவில்லை என்ற கணக்கைத் தொழிலின் மிகப் பெரிய போட்டியாளருக்குச் சொந்தமான கல்லாவில் விட்டுவைத்தபடியே சரக்கை அனுப்பிக்கொண்டிருக்கின்றன.