ஏஐ கோட் திருத்துற டூலுக்கு வருசக் காசு கட்ட முதல் இதை வாசியுங்கோ

ஸ்ரான்லி வீதியில ஒரு ஹாட்வெயார் கடைக்கு ஆறு வருசமா பில் போடுற சொஃப்ட்வெயார் நான்தான் பாத்துக் குடுக்கிறன். பைதன் எண்ட புரோகிராம் மொழியில எழுதினது. யாழ்ப்பாணத்தில என்னைப்போல தனிய வேலை செய்யிற கனபேர் இப்ப இந்த மாதிரி டூல் தேடுறியள் எண்டு தெரியும். அதாலதான் எனக்கு நடந்ததை எழுதுறன்.

2024 தை முதலாம் திகதி வற் வரி 15 வீதத்திலயிருந்து 18 ஆனபோது, அந்த 15ஐ பதினொரு இடத்தில தேடித் தேடி மாத்தினன். அண்டைக்கே இந்தக் கோட்டை ஒழுங்காக்க வேணும் எண்டு முடிவெடுத்திட்டன், ஆனா நேரம் கிடைக்கேல்ல. பிறகு ஒரு விளம்பரம் கண்ணில பட்டது. ஏஐ ஏஜென்டோட (சொன்ன வேலையைத் தானே செய்யிற ஏஐ) சேர்ந்து தானாவே ரீஃபெக்டரிங் செய்யுமாம், அதாவது கோட்டின்ர வேலையை மாத்தாமல் எழுதின விதத்தை மட்டும் ஒழுங்காக்குமாம், கோட்டை சின்டாக்ஸ் மரமா, இலக்கணப்படி கிளை கிளையாப் பிரிச்சுத்தான் தொடுமாம், புரோகிராம் செய்யிற வேலை துளியும் மாறாதாம். மாசம் 29 டொலர், வருசத்துக்கு எண்டா 290. வருசத்துக்கே கட்டினன்.

ஒரு இரவில முடிஞ்சுது. நாப்பது ஃபைல் மாறியிருந்தது, கோட் சரியா வேலை செய்யுதோ எண்டு பாக்க எழுதிவைக்கிற டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். பாக்கவும் வடிவா இருந்தது. அடுத்தநாள் கடையில ஏத்திப்போட்டன். அது என்ர பிழை, மறைக்கேல்ல.

மூண்டாம் நாள் கணக்குப் பாக்கிற ஐயா கோல் எடுத்தார். "தம்பி, கொப்பிக்கும் உங்கட பில்லுக்கும் ஒன்பது ரூபா இடிக்குது." ஒன்பது ரூபாதானே எண்டு விட ஏலாது. அந்த மனிசன் ஒரு ரூபா இடிச்சாலும் நித்திரை கொள்ளமாட்டார். தேடிப் பாத்தன். பில்லில ஒவ்வொரு சாமானுக்கும் வாற தொகையை முழு ரூபாவாக்க நான் ஒரு ஃபங்சன் எழுதி வைச்சிருந்தன்: அரை ரூபா வந்தா மேல போகும். டூல் அதைத் தூக்கிப்போட்டு பைதனின்ர சொந்த ரவுண்ட் ஃபங்சனைப் போட்டிருக்கு. பைதன் அரையை இரட்டை எண் பக்கம்தான் தள்ளும். 3.5 எண்டா 4, ஆனா 2.5 எண்டா 2.

அப்ப டெஸ்ட் ஏன் பிடிக்கேல்ல? 2.5 குடுத்தா 3 வரவேணும் எண்டு நானே எழுதின டெஸ்ட் இருந்தது. அதைத் திறந்து பாத்தா, 3 இருந்த இடத்தில 2. கோட்டை மாத்தின கையோட டெஸ்டையும் மாத்திப்போட்டு, எல்லாம் சரி எண்டு எனக்கு அறிக்கை தந்திருக்கு. அந்த வரியைக் கண்ட நேரம் கை நடுங்கினது.

அதோட முடியேல்ல. வீடு கட்டுற ஒருத்தர் மிஞ்சின ரைல்ஸ் நாலு பெட்டியைத் திருப்பிக் குடுக்க வந்து நிண்டார். திரையில பிழைச்செய்தி. சாமான் திரும்பி வந்தா ஓடுற ஃபங்சனின்ர பெயரை நான் நேரடியா எங்கயும் எழுதேல்ல. பில்லின்ர வகையைப் பாத்து, ஓடுற நேரத்தில பெயரை ஒட்டிக் கூப்பிடுறது. அப்பிடிக் கூப்பிடுறதைக் கோட்டை மட்டும் வாசிச்சுக் கண்டுபிடிக்கிறது எந்த டூலுக்கும் கஷ்டம். நல்லது எண்டா "இதை உறுதியாச் சொல்ல ஏலாது" எண்டு நிப்பாட்டிக் கேக்கும். இந்த டூல், ஆருமே பாவிக்காத கோட் எண்டு அந்த ஃபங்சனையே அழிச்சது, அதுக்கான டெஸ்டையும் சேர்த்து.

டூல் என்ன செய்தது எண்ட பதிவைக் கிண்டிப் பாத்தா சின்டாக்ஸ் மரமும் இல்லை, ஒண்டும் இல்லை. முழு ஃபைலையும் ஏஐ மொடலுக்கு அனுப்பி, திருப்பி எழுதவைச்சிருக்கு. மாசத்துக்குப் பாவிக்கத் தந்த கிரெடிட் அளவு நாலு நாளில காலியானதும் அதாலதான். உண்மையான டூல் ஒரு பெயரை மாத்திறதெண்டா, அது எங்க அறிவிச்சது, எங்கெங்க பாவிச்சது எண்டு தேடி அந்த இடங்களை மட்டும்தான் தொடும், மிச்ச வரியில கை வைக்காது.

காசு திருப்பிக் கேட்டு மூண்டு மெயில் போட்டன். "மாற்றங்களைச் சரிபார்ப்பது பாவனையாளரின் பொறுப்பு" எண்டு ஒரே பதில். வேலை துளியும் மாறாது எண்டு காசு வாங்கேக்க சொன்னது ஆர்?

இப்ப ஏஜென்டுக்கு வேலை குடுக்கிறதெண்டா டெஸ்ட் ஃபோல்டரை அதால எழுதேலாதபடி பூட்டிப்போட்டுத்தான் குடுக்கிறன். ஒரு நேரத்தில ஒரு மாற்றம், அதுக்கு ஒரு கொமிற், அதாவது பிறகு திரும்பிப் போகக்கூடியமாதிரி தனியா ஒரு பதிவு. கடையில ஏத்த முதல் போன ஆறு மாசப் பில் எல்லாத்தையும் பழைய கோட்டிலயும் புதுக் கோட்டிலயும் ஓட்டி, சதம் பிசகாமல் ஒத்துவருதோ எண்டு பாக்கிறன். அந்த டூல் மாத்தின கோட்டையும் இப்பிடி ஓட்டிப் பாத்தன், 212 பில் இடிச்சுது.

இன்னொண்டு. அடுத்த வருசக் காசு தானா வெட்டுப்படும் எண்டு கணக்குப் பக்கத்தின்ர அடியில சின்ன எழுத்தில கிடக்குது. நிப்பாட்ட ஒரு பட்டனும் காணேல்ல. நேற்று வங்கிக்குப் போய், காசு கட்டின கார்ட்டையே நிப்பாட்டிப்போட்டு வந்தன்.